கொதிக்கக் கூடாத சூப்பு

ஓரத்துல ஒண்ணு வருது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் கோழிக்காலுக்குப் பக்கத்துலேர்ந்து இன்னொண்ணு, குண்டூசித் தல அளவுக்கு, அவசரமே இல்லாம மேல வந்து ஒடையுது. இவ்வளவுதான் வரணுமாம். மணி பத்து அஞ்சு. அம்மா ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டே சொல்லிட்டுப் போச்சு, "கொதிக்கக் கூடாது ரேகா. முத்து முத்தா வந்தா போதும். கலக்காத, மூடாத, ஒரு மணிக்கு வந்துடுவேன்." வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, செருப்பக் கழட்டாம நெலப்படியிலயே நின்னுக்கிட்டு, "சாப்பிட ஒக்கார்றதுக்கு முன்னாடி ஒன் பதிலச் சொல்லிடு, சாயந்திரம் காபோருக்கு போன் பண்ணணும்"னுச்சு. காபோர் அம்மாவோட தம்பி, ஹங்கேரியில இருக்காரு. அம்மாவும் அந்த ஊருதான், மிஷ்கோல்ட்ஸ்னு ஒரு எடம். ஸ்கூட்டி சத்தம் தெருமொன வரைக்கும் கேட்டுச்சு. நர்சு வேலைக்கு ஜெர்மனி போற புள்ளைங்களுக்கு அம்மா ஜெர்மன் சொல்லிக் குடுக்குது. சனிக்கிழமதான் கிளாஸு, பரீச்சை வருதுன்னு இன்னைக்கு ஞாயித்துக்கிழமையும் ஸ்பெஷல். பாதித் திருச்சிய வெளிநாட்டுக்கு அனுப்பி வெச்சுட்டு இப்ப தானும் கெளம்புது. நேத்து சாயந்திரம் துணி மடிக்கும்போதுதான் ஆரம்பிச்சுச்சு. "நான் ஊருக்குப் போயிடலாம்னு பாக்குறேன் ரேகா." லீவுக்கான்னு கேட்டேன். "லீவுக்கு இல்ல. போயிடலாம்னு. காபோர் மாடி ரூம் காலியா இருக்கு, வந்துடுங்கிறான்." தலகாணி ஒறைய நாலா மடிச்சு அது மேல கைய வெச்சு அழுத்திக்கிட்டே சொல்லுச்சு, "நீ வேணாம்னா போகல. ஒரு வார்த்த வேணாம்னு சொல்லு, அதோட விட்டுடுவேன். சாகுற வரைக்கும் சொல்லிக்காட்ட மாட்டேன்." இது கேள்வியா. நான் வக்கீலுக்குப் படிக்கிறவ, நாலாம் வருஷம், கேள்வின்னா என்னன்னு எனக்குத் தெரியும். இது கேள்வி இல்ல, தீர்ப்ப எழுதி என் கையில குடுத்து கையெழுத்துப் போடுங்கிறது. வேணாம்னா நான் ஒரு ஆள அடச்சு வெச்சவ. போன்னா தொரத்தினவ. ரெண்டு பக்கமும் குற்றவாளி நான்தான். "என்ன எதுக்கு ஜட்ஜு ஆக்குற"ன்னு கேட்டேன். "ஒன்ன விட்டா எனக்கு வேற யாரு இருக்கா"ன்னுச்சு. "அப்ப எதுக்குப் போற." அம்மா அடுத்த ஒறைய எடுத்து மடிக்க ஆரம்பிச்சுடுச்சு.

ரெண்டு முத்து. மூணு. சரி. பானை அம்மாவோடது. செவப்பு இனாமல், மேல பூரா வெள்ளைப் பொட்டு, காது பக்கத்துல ரெண்டு எடத்துல பேந்து உள்ள இருக்கிற கருப்பு தெரியும். தொண்ணுத்தெட்டுல கல்யாணம் ஆகி வரும்போது ஃபிளைட்ல மடியில வெச்சுக்கிட்டே வந்துச்சாம், உள்ளாற அப்பாவோட பாய்லர் புஸ்தகம் நாலு. அப்பா அங்க மேல்படிப்புக்குப் போனவரு, அம்மா அந்த யுனிவர்சிட்டி லைப்ரரியில புஸ்தகத்துக்கு சீல் குத்திக்கிட்டிருந்த பொண்ணு. பேரு மார்த்தா. தெருவுல பாதிப் பேரு ரொம்ப நாளைக்கு நாகர்கோவில் கிறிஸ்டியன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, கொஞ்சம் நெறமா பொறந்துட்ட நாகர்கோவில் கிறிஸ்டியன். ழ வராது, கோளின்னுதான் சொல்லும், ஆனா இந்தத் தெருவுல யாருக்கு வருது. பானைக்குள்ள இருக்கிறதெல்லாம் எனக்கு மனப்பாடம், பத்து தரம் கேட்டுருக்கேன், ஒரு தரம் கூட பண்ணதில்ல. நாட்டுக்கோழி, அதுவும் முட்டை விட்டு ஓஞ்சது, எளங்கோழி ஆகாது. உறையூர்ல பாய் கடையில அம்மாவப் பாத்தாலே "கெழவிதானம்மா வேணும்"பாரு. காலோட குடுக்கணும், காலுதான் சூப்புக்குப் பசைய குடுக்கும். கேரட்டு, பூண்டு, மொளகு, தோலு உரிக்காத முழு வெங்காயம். அவங்க ஊர்ல வெள்ளையா ஒரு கெழங்கு போடுவாங்களாம், இங்க கெடைக்காது, அப்பா வெத வாங்கி தொட்டியில போட்டாரு, எல மட்டும்தான் வந்துச்சு. நூக்கல் மட்டும் ரெண்டு ஊர்லயும் இருக்கு. நூக்கல வாங்கும்போது அம்மா மொகத்தப் பாக்கணும், ரயில்ல சொந்தக்காரங்களப் பாத்த மாதிரி. பச்சத்தண்ணியில எல்லாத்தையும் போட்டு, நொரைய எடுத்துட்டு, மூணு மணி நேரம் நாலு மணி நேரம் சிம்ல. கொதிச்சா கலங்கிடும். சூப்ப ஊத்தினா தட்டுக்கு அடியில இருக்கிற பூ தெரியணும், அதுதான் டெஸ்ட்டு. அந்தப் பூப்போட்ட குழித்தட்டும் அங்கேர்ந்து வந்ததுதான், ஆறு வந்துச்சு, நாலு மிச்சம். பூ தெரியலன்னா அவங்க வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம், அமைதியா சாப்பிடுவாங்களாம், அதவிட அசிங்கம் வேற இல்லியாம். எங்க வீட்டுல உப்பு கம்மின்னா தெருவுக்கே கேக்கும்.

மொத ஞாயித்துக்கிழம நடந்தத அத்தையே நூறு தரம் சொல்லியிருக்கு. அம்சவேணி அத்தை, அப்பாவோட அக்கா, மாடியில குடியிருக்கு. தம்பி வெள்ளக்காரியக் கூட்டிட்டு வந்துட்டான், என்ன சமைக்கிறான்னு பாக்க அடுப்படிக்கு வந்தா பொண்ணு சின்னத் தீயில ஒரு கோழியப் போட்டுட்டு ஸ்டூல்ல ஒக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கு. ஒரு மணி நேரம் ஆச்சு. ரெண்டு மணி நேரம் ஆச்சு. அம்மா குளிக்கப் போன நேரத்துல, பாவம் கேஸும் வீணாகுது புள்ளைக்கும் அடுப்பு பழக்கமில்லன்னு, அத்தை எல்லாத்தையும் அள்ளி குக்கர்ல போட்டு அஞ்சு விசில் விட்டுடுச்சு. உதவிதான் அது. அதுல எந்தக் கெட்ட எண்ணமும் இல்ல. திரும்பி வந்த அம்மா குக்கரப் பாத்துச்சு, காலியா இருந்த பானையப் பாத்துச்சு, கீழ ஒக்காந்து அழுதுச்சு. "நான் என்னடி கண்டேன், கோழிய வேக வெச்சதுக்கு ஒருத்தி அழுவாளா"ன்னு அத்தை இப்பவும் சொல்லும். அப்பா வந்து ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு மொழிபெயர்த்தாராம். அந்தக் காட்சிய நெனச்சா எனக்குச் சிரிப்பு வரணும். எப்பவும் வரும். இன்னைக்கு அப்பா நின்ன எடம் மட்டும்தான் தெரியுது, ஃபிரிட்ஜுக்கும் பாத்திரம் கழுவுற தொட்டிக்கும் நடுவுல, ஒரு ஆள் நிக்கிற அகலம். எனக்கு ரேகான்னு பேரு வெச்சதும் அந்த எடத்துலதான் முடிவாச்சாம். அங்க அது ஒரு பேரு, இங்க அது ஒரு பேரு, ரெண்டும் வேற வேற, ஒரே பொண்ணு. அப்பாவுக்கு அதுல பெரும. பாய்லர் இஞ்சினியரு, ரெண்டு குழாயப் பொருத்திட்ட மாதிரி.

முத்து கொஞ்சம் ஜாஸ்தி ஆகுதா. இல்ல, காத்து. ஃபேன நிறுத்துனா சரியாப் போச்சு, வேர்க்குது. அம்மா எதுக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நடிக்கலாம், ஆனா இங்க நானும் ஒரு பானையும்தான் இருக்கோம், யாருக்கு நடிக்கிறது. இந்தத் திருச்சியில ஹங்கேரி பாஷையில பேசுறதுக்கு அம்மாவுக்கு ஒரே ஒரு ஆள் இருந்துச்சு. அந்த ஆள் அப்பா, செத்து எட்டு மாசம். இருபத்தாறு வருஷம் தெனமும் சண்ட அதுலதான், கொஞ்சுறது அதுலதான், எங்கிட்ட மறைக்கணும்னாலும் அதுலதான். எனக்கு அதுல சமையக்கட்டு வார்த்தைங்க தெரியும், திட்டு தெரியும். மத்தது தெரியாது. ஏன் தெரியாதுன்னா ரெண்டாங்கிளாஸ்ல அம்மா ஸ்கூல் கேட்டுல நின்னு என்ன அதுல கூப்பிட்டுச்சு, பசங்க சிரிச்சானுங்க, நான் வீட்டுக்கு வந்து இனிமே எங்கிட்ட அந்தக் கருமத்துல பேசாதன்னு சொல்லிட்டேன். ஏழு வயசு. அம்மா சரின்னுச்சு. அவ்வளவுதான், அப்பீல் இல்ல, வாய்தா இல்ல, சரின்னுச்சு. எங்கிட்ட அப்புறம் அதுல பேசவே இல்ல. நான் அன்னைக்கே ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கேன், அத அமல்படுத்திட்டாங்க. இப்ப இன்னொண்ணு கேக்குது. நான் ஞாயித்துக்கிழமையில பன்னெண்டு மணி வரைக்கும் தூங்குற ஜாதி. தூக்கத்துல கேக்கும், அடுப்படியில அம்மா கொரலு, மெதுவா, விடாம, நடுவுல நடுவுல நிறுத்தி. போன்லதான் பேசுதுன்னு மொதல்ல நெனச்சேன். அம்மாவோட போனு என் தலமாட்டுல சார்ஜ்ல இருந்துச்சு. பானைகிட்ட பேசுது, அந்த பாஷையில. நான் போய் கேட்டிருக்கலாம். என்னம்மா சொல்றன்னு. கேக்கல, பொரண்டு படுத்தேன். செத்துப்போற வரைக்கும் எங்கிட்ட தமிழ்ல பேசியே செத்துப்போகும் அம்மா, அதோட முக்காவாசி எனக்குத் தெரியாமலே போயிடும்னு அன்னைக்கு ஒரு பயம் வந்துச்சு. பயம் வந்தா எனக்குக் கோவம்தான் வரும். அன்னைக்கு சாயந்திரம் எதுக்கோ கத்துனேன். இட்லி மாவு புளிச்சிருச்சுன்னு.

கவனிக்கல. நடுவுல இப்ப விடாம வருது, நாலு அஞ்சு ஒண்ணா, கோழித்தோலு கொஞ்சம் ஆடுது. பர்னர் சூடாயிடுச்சு. கொறைக்கணும், ஆனா இதுக்குக் கீழ சிம்மு இல்ல. பானைய ஒரு பக்கமா நகத்தி வெச்சேன், பாதி தீ மேல, பாதி வெளிய. அம்மா அப்படித்தான் பண்ணும். அடங்குது. இந்த அடுப்புல ஒரு கூத்து இருக்கு. அணஞ்சிருக்கிற குமிழத் திருப்புனா மொதல்ல ஃபுல்லு, இன்னும் திருப்புனா கடைசியிலதான் சிம்மு. அதனால சிம்முலேர்ந்து அணைக்கணும்னா ஃபுல்ல தாண்டித்தான் வரணும். எல்லா வீட்டு அடுப்பும் அப்படித்தான், யாரும் யோசிக்கிறதில்ல. ஆகஸ்டு மாசம், ஞாயித்துக்கிழம, இதே பானை, இதே சிம்மு. அப்பா ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தாரு. பாத்ரூம்ல மக்கு விழுந்த சத்தம். அம்மா ஓடுச்சு. நான் பின்னால ஓடி, திரும்பி வந்து, அடுப்ப அணச்சுட்டுப் போகணும்னு ஒரு புத்தி, திருகினேன், பாதி திருகி ஃபுல்லுலயே விட்டுட்டு ஓடிட்டேன். ஆம்புலன்ஸு, ஆஸ்பத்திரி, அங்க சொன்னது, கையெழுத்து. அத்தைதான் மேல நாத்தம் அடிக்குதுன்னு எறங்கி வந்து நிறுத்துச்சாம். தண்ணி பூரா வத்தி கோழி கரிக்கட்டை. அன்னைக்கு யாரும் அதப்பத்திப் பேசல. பதினாறு நாள் முடிஞ்சதுக்கப்புறம் அம்மா ரெண்டு நாள் ஒக்காந்து பானைய தேச்சுச்சு. "நான்தான் அடுப்ப மறந்துட்டேன்"னு சொல்லிச்சு. அடியில இன்னும் உள்ளங்கை அளவுக்கு ஒரு கருப்பு இருக்கு. இப்ப கூட கேரட்டுக்கு நடுவுல தெரியுது. நான் அன்னைக்கும் சொல்லல, இன்னைக்கும் சொல்லல. சொன்னா என்ன ஆகும். ஒண்ணும் ஆகாது. சட்டப்படி இது ஒரு குற்றமே கிடையாது.

மாடிப்படியில சத்தம். ஒரு படி, நிப்பு, ஒரு படி. அத்தைக்கு மொழங்கால் வலி, பதினெட்டு படி எறங்க அஞ்சு நிமிஷம் ஆகும். "யாரு, மார்த்தாவா"ன்னு கேட்டுக்கிட்டே வந்து, என்னப் பாத்ததும் நின்னுச்சு. "நீ என்னடி பண்ற இங்க. தூங்கலையா." அம்மா கிளாஸுக்குப் போயிருச்சு, நான்தான் காவல்னேன். "ஓ"ன்னுச்சு. "சும்மாதான் வந்தேன். காப்பிப்பொடி இருக்கான்னு." காப்பிப்பொடி மேல் தட்டுல இருக்கு, எடுத்துக் குடுத்தேன். கையில வாங்கிக்கிட்டு நிக்குது. போகல. "வெளிய காலிங்பெல் அடிச்ச மாதிரி இருந்துச்சு, பாரேன்." எனக்குக் கேக்கல. சரின்னு போய் கதவத் தொறந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. திரும்பி வந்து பாத்தா அஞ்சறைப்பெட்டி தொறந்திருக்கு, அத்தையோட ரெண்டு வெரலு பானைக்கு மேல. "என்ன அத்த பண்ற." "ஒண்ணும் இல்லடி." "வெரலக் காட்டு." மஞ்சப்பொடி. கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் ஒட்டி, ஒரு சிட்டிக. பிடிபட்ட கைய எறக்கவும் தெரியாம போடவும் தெரியாம அப்படியே வெச்சுக்கிட்டு நிக்குது அத்தை. "எத்தன நாளா நடக்குது இது"ன்னு கேட்டேன். "குக்கர் வெச்ச அடுத்த வாரத்துலேர்ந்து." "இருபத்தாறு வருஷமா?" "பின்ன. மஞ்சப்பொடி போடாத கோழிய என் தம்பிக்கு எப்படிடி குடுக்கிறது. கவுச்சி அடிக்காது? ஒடம்புக்கு ஆகுமா? ஒங்கம்மாட்ட சொன்னா மூஞ்சத் தூக்கிக்குவா. அதான் ஒரு சிட்டிக, காதும் காதும் வெச்ச மாதிரி." எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இந்தத் தங்கக் கலரு வெங்காயத் தோலால வருதுன்னு அம்மா ஊருக்கே சொல்லிக்கிட்டு இருக்கு. சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள வாயி வழக்கமான வேலையப் பாத்துடுச்சு, "இப்பதான் ஒன் தம்பி இல்லியே, யாருக்குப் போடுற." அத்தை வெரலப் பாத்துச்சு. "கை பழகிடுச்சுடி"ன்னுச்சு. ஒன் வாயிக்கு ஒரு நாளைக்கு இருக்குன்னு திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டல.

"அம்மா போகப்போவுதாம், தெரியுமா"ன்னு கேட்டேன். "தெரியும். எங்கிட்டதான் மொதல்ல சொன்னா." எங்கிட்ட நேத்துதான் சொல்லுச்சு. "எப்ப சொல்லுச்சு." "பொங்கல் சமயத்துல. நீ என்ன சொல்லுவியோன்னு பயந்துக்கிட்டு இருந்தா. போறேன்னா ரேகா கத்துவா அண்ணின்னா. கத்தட்டும், கத்துனா தொண்டதான் வலிக்கும்னேன்." "நீ என்ன சொன்ன. போகச் சொன்னியா." அத்தை அஞ்சறைப்பெட்டிய மூடிக்கிட்டே, "நான் என்னத்த சொல்றது. கூட்டிட்டு வந்தவன் போயிட்டான். இருன்னு சொல்ல நான் யாரு"ன்னுச்சு. மூடியிலயும் மஞ்ச பட்டுடுச்சு. அப்புறம் மறுபடியும் பானையப் பாக்குது. அப்பதான் எனக்கு அந்த யோசன வந்துச்சு. வந்த ஒடனே முழுசா வந்துச்சு, மொட்டு மாதிரி எல்லாம் இல்ல, பைண்டு போட்ட கேஸ் கட்டு மாதிரி. அம்மா கடைசியா ஊருக்குப் போனது எனக்கு ரெண்டு வயசுல. அவங்க அப்பா செத்தப்ப கொரோனா, போக முடியல. பத்தொம்பது வருஷமா அம்மா குடிக்கிறது அத்தையோட மஞ்சப்பொடி சூப்பு, அதத்தான் எங்க வீட்டு சூப்பு எங்க வீட்டு சூப்புன்னு உருகிக்கிட்டு இருக்கு. இன்னைக்கு மஞ்ச இல்லாம ஊத்தணும். அம்மா ஒரு வாய் குடிச்சுட்டு இது என்னமோ மாதிரி இருக்கேன்னு மூஞ்சச் சுளிக்கும். அப்ப நான் சொல்லணும், இதுதாம்மா நீ போகணுங்கிற ஊரு, ஒனக்கே இது புடிக்கல, ஒன் நாக்கு இந்த ஊருக்காரி நாக்கு, எங்க போய் என்னத்த தேடப்போற. சாட்சி எதிர்த்தரப்போட சொந்த நாக்கு. குறுக்கு விசாரணையே தேவையில்ல. "அத்த, இன்னைக்குப் போடாத"ன்னேன். "கவுச்சி அடிக்கும்டி." "அடிக்கட்டும்." அத்தை என்ன ஒரு மாதிரி பாத்துட்டு, வெரல முந்தானையில தொடச்சுக்கிட்டு, காப்பிப்பொடிய வெச்சது வெச்ச எடத்துல விட்டுட்டுப் படி ஏறிடுச்சு. ஒரு படி, நிப்பு. ஒரு படி.

பன்னெண்டு. பன்னெண்டேகால். நொர ஓரத்துல ஒட்டியிருக்கு, கரண்டியால எடுத்துப் போட்டேன், கலக்காம. கேஸ் ஜெயிக்கிற மாதிரி இருந்தா எனக்குக் கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடும், காலேஜ் மூட் கோர்ட்டுல போலி வழக்கு வாதாடும்போது அப்படித்தான், இப்பவும் ஆகுது. ஜெயிச்சா என்ன. அம்மா இருக்கும். ஞாயித்துக்கிழம சூப்பு இருக்கும். நான் படிச்சு முடிச்சு சென்னைக்குப் போயிடுவேன், அது முடிவு பண்ணியாச்சு, ஹைகோர்ட்டுதான், இங்க கெடந்து அட்டெண்டன்ஸ் குடுக்கிற ஆளு நான் இல்ல. அப்ப அம்மா இங்க இருக்கும். ஸ்டூலு, பானை, மாடியில அத்தை. அத்தைக்கு அறுபத்தெட்டு. அப்புறம் ஸ்டூலு, பானை. பானைகிட்ட பேசும். இந்த எடத்துல யோசன நின்னுடுது, திரும்பி முத்துகிட்ட வருது, ஒண்ணு, ரெண்டு. அம்மா இல்லாத வீட்ட நெனச்சுப் பாத்தா அது வேற மாதிரி இருக்கு, அதுல சத்தமே இல்ல, கொடியில என் துணி மட்டும் காயுது, யாரும் எட்டு மணிக்கு எழுப்பல. எனக்கு இருபத்தோரு வயசு, யாராவது எழுப்பணுமாக்கும். எனக்கு பயமா இருக்கு. அத ஒரு தகவலா குறிச்சு வெச்சுக்கலாம், மனுதாரருக்கு பயமா இருக்கு. சேமியாவ தனியா வேக வெச்சு வடிச்சேன். அங்க முட்டை மாவத் தேச்சு நூலு நூலா வெட்டிப் போடுவாங்க, இங்க சேமியா. ஒரு தரம் அத்தை அத நெய்யில வறுத்துக் குடுத்துச்சு. பன்னெண்டு அம்பதுக்கு அடுப்ப அணச்சேன். சிம்முலேர்ந்து ஃபுல்லு, தீ ஒரு நொடி பானையச் சுத்தி மேல எழும்புச்சு, பூரா நீலம், நான் கைய எடுக்காம திருகிக்கிட்டே போனேன், அணஞ்சுது. தண்ணி அசையல. மேல எண்ண வட்ட வட்டமா நிக்குது. வெங்காயத் தோலு குடுக்கிற நெறம் எவ்வளவுன்னு இப்பதான் பாக்குறேன். ரொம்ப கொஞ்சம். வெளிறின வைக்கோல் மாதிரி.

ஸ்கூட்டி வந்துச்சு. ஹெல்மெட்டு ஆணியில. அம்மா கைகால் கழுவிட்டு வந்து பானைக்குள்ள எட்டிப் பாத்துச்சு, ரெண்டு குழித்தட்ட எடுத்து வெச்சு, சேமியாவப் போட்டு, கரண்டிய ஓரமா எறக்கி மொண்டு ஊத்துச்சு. பூ தெரிஞ்சுது. நீலப் பூ, அஞ்சு எதழு, ஒரு எதழ்ல கீறல், அதுவும் தெரிஞ்சுது. கோழிய தனித் தட்டுல எடுத்து வெச்சுச்சு. இந்த வீட்டுல ஈரல் அப்பாவுக்கு. எட்டு மாசமா அது யாருக்குன்னு முடிவாகாம பானையிலயே கெடந்து கடைசியில காக்காவுக்குப் போகும். நான் என் வாதத்த வரிசையா வெச்சுக்கிட்டு எதிர்ல ஒக்காந்தேன். அம்மா ஸ்பூன எடுத்து ஒரு வாய் குடிச்சுச்சு. மூஞ்சி சுளிக்கல. ஸ்பூன கீழ வெச்சுச்சு. மறுபடியும் எடுத்து இன்னொரு வாய். அப்புறம் விடாம குடிச்சுச்சு, என்னப் பாக்காம, காலேஜ் கேன்டீன்ல பசங்க குடிக்கிற வேகத்துல. தட்டு காலியாகி பூ மட்டும் இருந்தப்ப நிமிந்து கேட்டுச்சு, "அண்ணி இன்னைக்குக் கீழ வரலையா." நான் முழிச்சேன். "ஒனக்குத் தெரியுமா." "என்ன பேச்சு ரேகா. மஞ்சத் தெரியாதா. கரண்டியே மஞ்சளாயிடும்." "அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல." "அவங்க தம்பிக்கு அவங்க போட்டாங்க. நான் என்ன சொல்றது." ரெண்டாந்தரம் ஊத்திக்கிச்சு. "நீ போட விடல, அதானே. ஏன்." அம்மா பதிலுக்குக் காத்திருக்கல. தட்டப் பாத்துக்கிட்டே மெதுவா ஏதோ சொல்லுச்சு, தமிழ்ல இல்ல, பானைகிட்ட பேசுற அந்தக் கொரல்ல, நாலஞ்சு வார்த்த. "என்னம்மா சொன்ன"ன்னு கேட்டேன். அம்மா என்ன ஆச்சரியமா பாத்துச்சு. "இப்படித்தான் இருக்கும்னேன். எங்க வீட்டுல இப்படித்தான் இருக்கும். மறந்தே போச்சுன்னேன்." அப்புறம் கோழித் தட்டுலேர்ந்து ஈரல எடுத்துத் தன் தட்டுல வெச்சுக்கிச்சு. யாரையும் கேக்கல. பாதியக் கடிச்சு மென்னுச்சு.

வேணாங்கிற வார்த்த காலையிலேர்ந்து என் வாயில ரெடியா இருந்துச்சு. இப்பவும் இருக்கு. சொன்னா ஜெயிச்சிடுவேன், அம்மா சொன்ன வாக்க மீறாது, ஸ்கூல் கேட்டு விஷயத்துல பதினாலு வருஷமா மீறல. கோழிக்கால என் தட்டுல எடுத்து வெச்சேன், திங்கல. "டிக்கெட்டு எப்ப போடணும்"னு கேட்டேன். அம்மா மெல்றத நிறுத்துச்சு. "ஒன் பரீச்ச முடியட்டும்னு." "பரீச்சைக்கெல்லாம் நீ நிக்காத. நீயா எழுதப்போற." "நீ கத்துவேன்னு நெனச்சேன்." "கத்தலாம், இன்னும் நேரம் இருக்கு"ன்னேன். அம்மா சிரிக்கல, நானும் சிரிக்கல. பானை அடியில கருப்பு தெரிஞ்சுது, நான் பாத்துட்டு, அதப்பத்தி இன்னைக்கும் ஒண்ணும் சொல்லல. அப்புறம் அம்மா எந்திரிச்சு மூணாவது குழித்தட்ட எடுத்துத் தொடச்சு, சேமியா போட்டு, சூப்ப ஊத்தி, கழுத்தும் ரெண்டு கேரட்டும் வெச்சு என் பக்கம் தள்ளுச்சு. "அண்ணிக்குக் கொண்டு போ. மஞ்சப்பொடி போட்டுக் கொண்டு போ. இல்லன்னா குடிக்க மாட்டாங்க." அஞ்சறைப்பெட்டிய தொறந்தேன். மூடியில அத்தையோட வெரல் தடம் இன்னும் இருந்துச்சு. எவ்வளவுன்னு கேக்கல, கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் தானா ஒட்டிக்கிச்சு. தூளு மேலயே மெதந்துச்சு, அப்புறம் ஒரு ஓரமா எறங்க ஆரம்பிச்சுது. ஸ்பூன எடுத்துட்டு நிறுத்துனேன். "கலக்கலாமா." அம்மா கை கழுவிக்கிட்டே, "அது அவங்களோடது, கலக்கு"ன்னுச்சு. கலக்குனேன். பூ மறஞ்சு போச்சு. ரெண்டு கையாலயும் தட்ட எடுத்தேன், ஓரம் சுடுது. படி பதினெட்டு. சிந்தாம ஏறணும்.